இரண்டாவது ஏப்ரன்

லொரெய்ன் பிக்கெட்டுக்கு நாய்களைவிடப் பிரபஞ்சத்தின் மேல் நம்பிக்கை ஒரு படி அதிகம். நாய்கள் அவளைக் கடித்திருக்கின்றன, பிரபஞ்சம் இதுவரை கடித்ததில்லை. கலிபோர்னியாவில் எங்கள் ஓஹாய் ஊரில் முப்பத்தோரு வருஷமாக ‘ஈர மூக்கு’ என்று ஒரு கடை வைத்திருக்கிறாள். நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்புகிற கடை. கணவர் என்று ஒருவர் கொஞ்ச காலம் இருந்தார். அவரையும் பிரபஞ்சத்திடம் கேட்டு, மனதில் நினைத்து நினைத்துத்தான் வரவழைத்தாள் என்பார்கள். அதனால் அந்தப் பேச்சை அவள் எதிரில் யாரும் எடுப்பதில்லை.

ஐம்பத்தொன்பதாவது வயதில், மே மாதம், அவளுடைய வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் ஆறு வாரம் கத்திரியைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் விரலில் உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்றும் சொன்னார். அது எதிர்மறைப் பேச்சு என்பதால் லொரெய்ன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் கடையை ஆறு வாரம் மூடினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு வாசலுக்கே வேன் கொண்டுவந்து நாயைக் குளிப்பாட்டித் தருகிறவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு தடவை அந்த வேனில் ஏறின நாய் திரும்பி வராது.

“ஆறு வாரம் கடையைப் பாத்துக்க ஆள் இருக்காங்களாம்மா?” என்று ஆஸ்பத்திரியில் தேதி குறிக்கும் பெண் கேட்டாள்.

“இருக்காங்க. வந்துக்கிட்டே இருக்காங்க.”

“எங்கேருந்து வராங்க?”

“அது தெரியாதும்மா.”

அந்தப் பெண் தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதிக்கொண்டாள்.

ஆள் வேண்டுமென்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ‘ஆள் தேவை’ என்று ஓர் அட்டை எழுதிக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். லொரெய்னால் அது முடியாது. வியாழக்கிழமைதோறும் போனில் அவளுக்கு மனப்பயிற்சி கொடுக்கும் டாஃப்னி ஷ்ரைவர் அந்த ஒரு வார்த்தையை அடியோடு தடைசெய்திருந்தாள். தேவை என்று எழுதினால் ‘என்னிடம் இல்லை’ என்று உலகத்துக்குச் சொன்னதாகிவிடுமாம். இல்லை என்று சொல்கிறவளுக்கு இல்லாமையே வந்து சேருமாம். ஆள் ஏற்கெனவே வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டும், அந்தச் சந்தோஷம் காந்தம் மாதிரி அவளை இழுத்துக்கொண்டு வரும் என்பது டாஃப்னியின் பாடம். எங்கள் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதில் என்ன தப்பு என்பார்கள். மீதி இருவரும் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள்.

லொரெய்ன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஜூன் முதல் வாரமே, வேலை நேரத்தில் உடுப்பின்மேல் மாட்டிக்கொள்ளச் சூரியகாந்தி மஞ்சளில் புதிதாக ஓர் ஏப்ரன் வாங்கி, காலை வெயில் படட்டும் என்று வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் தன்னுடைய பழைய பச்சை ஏப்ரனை ஒட்டி மாட்டினாள். கீழே அலமாரியில் தன் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பையும் வைத்தாள். வரப்போகிறவளுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, மஞ்சள் ஏப்ரனின் பையில் செருகினாள். அவளுக்கு இருக்கவேண்டிய பதினேழு குணங்களைப் பட்டியல் போட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். முதல் குணம், சிரித்துக்கொண்டே உள்ளே நுழைவாள். தினமும் காலை ஏழு மணிக்கு லொரெய்ன் அந்த மஞ்சள் ஏப்ரனைப் பார்த்து ஐந்து நிமிஷம் சந்தோஷப்படுவாள். அந்த நேரத்தில் வந்த நாய்கள் அவளோடு சேர்ந்து அந்த ஏப்ரனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் வாலை ஆட்டும்.

எதிர்ச்சாரியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் வெண்டெல் ஹோஃப் பத்து மணிக்குத் தன் காபியோடு வந்து உட்கார்வான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அதனால் வாயைப் பிடுங்க அவனுக்கு உரிமை உண்டு.

“என்ன, உன் ஆள் இன்னிக்கும் லீவா?”

“வந்துட்டா. நீ பாக்கல, அவ்வளவுதான்.”

“பாக்காத ஆளுக்குச் சம்பளம் தர வேண்டாம், அது ஒரு வசதி. கை எப்படி இருக்கு?”

“மரத்துப் போ…” என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தி, “ரத்து, ரத்து” என்று இடது தோளை இரண்டு தடவை தட்டிவிட்டாள். வாய் தவறி எதிர்மறையாக ஏதாவது வந்துவிட்டால் இப்படித் தட்டிவிட வேண்டும், அது பிரபஞ்சத்துக்குப் போய்ச் சேராது. “கை பிரமாதமா இருக்கு.”

“அப்ப அந்தக் கத்திரியை ஏன் ரெண்டு கையால பிடிச்சிருக்க?”

“வெண்டெல், உன் காபி ஆறுது.”

“பாரு, நீயும் எதிர்மறையாத்தான் பேசற. என் காபிக்கு ரத்து சொல்லு.”

ஜூலையில் ஒரு நாள் பளிச்சென்று ஓர் இளம்பெண் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். லொரெய்னுக்கு உடம்பு சிலிர்த்தது. “வந்துட்டியா கண்ணு” என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மஞ்சள் ஏப்ரனை எடுத்து அவள் கழுத்தில் மாட்டி முடிச்சும் போட்டுவிட்டாள். வந்தவள் கூரைமேல் சூரியசக்தித் தகடு மாட்டிக்கொடுக்கும் கம்பெனிக்கு வீடு வீடாக ஆள் பிடிக்கிறவள். இப்படி ஒரு வரவேற்பை அவள் அந்த வேலையில் கண்டதே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அவள் போனபோது ஏப்ரன் கொக்கிக்குத் திரும்பியது, லொரெய்னின் கூரைக்குத் தகடு உறுதியாகிவிட்டது. இந்தக் கதையை வெண்டெல் இரண்டு வாரம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆகஸ்டில் ஆஸ்பத்திரித் தேதியை இரண்டாம் தடவையாகத் தள்ளிப்போட்டாள். விரல்களுக்கு இப்போது தண்ணீரின் சூடுகூடத் தெரியவில்லை. நாயைக் குளிப்பாட்டும் முன் இடது முழங்கையை நனைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாஃப்னியிடம் சொல்லவே இல்லை. பயத்தைச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருந்தால், பயந்தவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? எனக்கு அந்த டாஃப்னி மேல் கோபமே இதில்தான். மற்றதெல்லாம் போனால் போகட்டும்.

செப்டம்பர் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், பிஸ்மார்க் என்ற பூடில் மேஜைமேல் நின்றுகொண்டிருந்தது. எட்டு வருஷமாக அவளிடம் வருகிற கிழ நாய். காதுப் பக்கம் முடியைக் கத்தரிக்கும்போது கத்திரி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. பிஸ்மார்க் கத்தியது. காது நுனியில் ஒரு சின்ன வெட்டு. ரத்தம் கொஞ்சம்தான், ஆனால் நாய் காதை உதறினால் சுவரெல்லாம் தெறிக்கும். சத்தம் கேட்டு வெண்டெல் ஓடிவந்தபோது லொரெய்ன் நாயை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து, அதன் காதைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தாள். நாய் அவள் முகவாயை நக்கிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நான் வெட்டிட்டேன் வெண்டெல். என் கையில எனக்கு ஒண்ணுமே தெரியல.”

“சரி, சின்னக் காயந்தான். விடு.”

“எனக்குப் பயமா இருக்கு. என்னால முடியல. எனக்கு ஆள் வேணும்.”

வெண்டெல் அவள் இடது தோளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அவள் தட்டவில்லை. ரத்து என்றும் சொல்லவில்லை. பிறகு எதிரே தன் கடைக்குப் போனான். அங்கே அச்சடித்தே விற்கிற சிவப்பு எழுத்து அட்டைகளில் ஒன்றை எடுத்துவந்து, வாசல் கண்ணாடியில் நான்கு மூலையும் அழுத்தி ஒட்டினான். ‘ஆள் தேவை.’ லொரெய்ன் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி நாற்பது நிமிஷத்துக்குக் கதவு திறந்தது. கறுப்பு ஸ்வெட்டரும் ரப்பர் பூட்ஸும் போட்ட, ஐம்பத்துச் சொச்சம் வயதுப் பெண். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

“அட்டை போட்டிருக்கீங்களே, நெசந்தானா?”

“ஆமா. வாங்க. உங்க பேரு?”

“இடலினா போர்ஜெஸ். சொந்த ஊர் துலாரி பக்கம். மாட்டுப் பண்ணை வச்சிருந்தோம். வித்தாச்சு. இப்ப இங்க மக வீட்ல இருக்கேன்.”

“நாய் முடி வெட்டிப் பழக்கம் உண்டா?”

“கண்காட்சிக்குப் போற மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருபது வருஷம் முடி வெட்டியிருக்கேன். மாடு உதைக்கும். நாய் கடிக்கத்தானே செய்யும்.”

லொரெய்ன் கைப்பையைப் பாதி திறந்து, மனசுக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள். பதினேழில் இதுவரை ஒன்றுகூடத் தேறவில்லை. இவளுடைய அலைவரிசை சரியில்லை, மரியாதையாக அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் இடலினா மேஜைக்குப் போய்விட்டாள். அங்கே ட்யூலிப் நின்றிருந்தது. பெயர்தான் பூ, ஆள் பெரிய சடை நாய், அதுவும் கோடை முழுக்க முடி சிக்குப் பிடித்து வந்திருக்கும் நாய். உலர்த்தும் மெஷின் சத்தம் கேட்டாலே ஊரைக் கூட்டும். இடலினா அதன் தாடையின் கீழே ஒரு கையை வைத்தாள், மறுகையால் சிக்கை அடியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை கொஞ்சவில்லை. பத்தாவது நிமிஷம் ட்யூலிப் நின்றபடியே கண்ணை மூடித் தலையை அவள் தோளில் சாய்த்துவிட்டது.

லொரெய்ன் கைப்பையை மூடினாள். “அந்த மஞ்சள் ஏப்ரன் உங்களுக்குத்தான்” என்றாள்.

“அவங்க கோச்சுக்க மாட்டாங்களா?”

“யாரு?”

“அந்த இன்னொருத்தங்க. அவங்களோடதுதானே அது?”

“இன்னொருத்தங்கன்னு யாரும் இல்லையே.”

இடலினா சீப்பை நிறுத்திவிட்டு முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

“ஜூன் மாசத்துலேருந்து தெனமும் காலைல பேத்தியைத் தள்ளுவண்டியில வச்சு இந்த வழியாத்தாம்மா போறேன். ரொட்டிக் கடையில கேட்டேன், சலவைக் கடையில கேட்டேன். இங்க கேக்கணும்னுதான் ஆசை. கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். ரெண்டு ஏப்ரன் தொங்குது, கீழ ரெண்டு கோப்பை. சரி, ரெண்டு பேர் இருக்காங்க, நமக்கு இடமில்லன்னு போயிட்டேன். தெனமும் பாப்பேன். தெனமும் ரெண்டு ஏப்ரன்.”

பத்து மணி ஆகியிருந்தது. காபியோடு வாசலில் வந்து நின்ற வெண்டெல் இதைக் கேட்டான். லொரெய்னைக் கேலி செய்ய அவன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் வாய்த்ததில்லை, இனி வாய்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அவன் வாயைத் திறக்காமல் காபியைக் குடித்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

இடலினா ஏப்ரனை மாட்டிக்கொண்டு, சீப்பை வைக்கப் பைக்குள் கையை விட்டாள். கடிதம் வந்தது. “இது?” என்றாள்.

“உங்களுக்குத்தான். படிங்க” என்றாள் லொரெய்ன். வெட்கத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

ஒன்றரைப் பக்கக் கடிதம். நீ வந்ததற்கு நன்றி, உன்னால் என் கைகள் ஓய்வெடுக்கின்றன, உன் சிரிப்பால் இந்தக் கடை நிறைகிறது என்றெல்லாம் எழுதியிருந்தது. இடலினா வரி விடாமல், உதடு அசையாமல் படித்தாள். சிரிப்பு பற்றிய இடத்தில் மட்டும் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் தேதியைப் பார்த்தாள்.

“ஜூன் மூணாந் தேதி எழுதியிருக்கீங்க. கையெழுத்து அழகா இருக்கு” என்றாள். பிறகு லொரெய்னின் வலது கையைத் தன் கையில் எடுத்து, ஒவ்வொரு விரல் நுனியாகக் கிள்ளிப் பார்த்தாள். மாட்டுக் குளம்பைப் பார்ப்பதுபோல் சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது தெரியுதா? இது?”

லொரெய்ன் இல்லை என்று தலையாட்டினாள். ஜூனில் அழகாகக் கடிதம் எழுதிய அதே கை, இப்போது பேனா பிடிக்காது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“டாக்டருக்குப் போன் பண்ணுங்க. இப்பவே. நம்பரை அழுத்த வரலன்னா சொல்லுங்க, நான் அழுத்தறேன்” என்றாள் இடலினா. கடிதத்தை மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டாள்.

வெண்டெல்தான் நம்பரை அழுத்திக் கொடுத்தான். மறுமுனையில் தேதி குறிக்கும் அதே பெண். பழைய பதிலை எதிர்பார்த்துச் சலிப்பாகவே கேட்டாள்.

“ஆறு வாரம் கடையைப் பாத்துக்க ஆள் இருக்காங்களாம்மா?”

லொரெய்ன் திரும்பிப் பார்த்தாள். ட்யூலிப் தூங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் ஏப்ரன் கொக்கியில் இல்லை.

“இருக்காங்க” என்றாள்.