குத்பாவுக்குப் பிள்ளையைப் பழக்கியது

வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் நடக்கும்போது பள்ளிவாசலுக்குள் யாரும் கதைக்கக் கூடாது. சத்தம் போடுகிறவரைப் பார்த்து "சும்மா இருங்க" என்று சொன்னால்கூட ஜும்ஆ தொழுகையின் நன்மை போய்விடும். அப்படியென்றால் நாலு வயதுப் பிள்ளையை எப்படி அடக்குவது? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. திரும்பிப் பார்த்து முறைக்க மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே மகளை வீட்டிலேயே பழக்கினேன். பாயில் இருத்தி, "வாப்பா முழங்கால அமுக்கினா வாயத் திறக்கப்படாது" என்றேன். கெதியாகப் பிடித்துக்கொண்டாள். மனைவியிடம் பெருமையடித்தேன்.

அந்த வெள்ளி நாங்கள் நடு வரிசையில் அகப்பட்டுக்கொண்டோம். முன்னால் முதுகுகள், பின்னால் முழங்கால்கள். மவ்லவி முடிப்பதாக இல்லை. மடியிலிருந்த மகள் திடீரென்று என் முழங்காலை அமுக்கினாள். பழக்கியதை மறக்கவில்லை என்று காட்டுகிறாளாக்கும் என நினைத்து, நானும் அவள் முழங்காலை அமுக்கினேன். மறுபடி அமுக்கினாள், இந்த முறை நகம் பதிய. நானும் விடவில்லை.

சாரனில் சூடாக ஈரம் பரவியபோதுதான், பிள்ளைக்கு மூத்திரம் முட்டியிருந்தது விளங்கியது.

எழும்பினால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். இருந்தால் கம்பளமும் நனையும். வாயைத் திறக்கவும் வழியில்லை. அசையாமல் இருந்தேன். குத்பா முடிந்து இகாமத் சொன்னதும் முழுப் பள்ளியும் தொழுகைக்கு எழும்பியது. என்னால் எழும்ப முடியவில்லை. மகள் என் காதுக்குள் கேட்டாள்:

"இப்ப கதைக்கலாமா, வாப்பா?"