அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று கேட்ட வசந்தா

வசந்தா இறந்த செய்தி எனக்குத் திறக்காத ஒரு கோப்பாகத்தான் வந்தது. அன்று காலை ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்று புளி விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். செல்பேசியில் அமிர்தி சங்கத்திலிருந்து ஏதோ வந்து விழுந்தது. தொட்டேன், திறக்கவில்லை. மறுபடி தொட்டேன், இதைத் திறக்க வழியில்லை என்றது. கூட்ட அழைப்பாக இருக்கும், இந்த முருகேசனுக்கு எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது என்று முணுமுணுத்துக்கொண்டே அவரைக் கூப்பிட்டேன். முருகேசன் அடிவாரச் சங்கத்தின் செயலாளர். முதல் வார்த்தையிலேயே சண்டைக்கு வருகிறவர். அன்று சண்டைக்கு வரவில்லை. "நம்ம வசந்தா போய்டுச்சு சார். வேலூர் ஆஸ்பத்திரில, விடியக்காலம்," என்றார். அந்தக் கோப்பு அவரே கணினியில் உட்கார்ந்து தயாரித்த அஞ்சலி அறிவிப்பு.

வசந்தாவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர் யாராவது படிக்க நேர்ந்தால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்காக ஊர் ஊராகப் போய்த் தானியம் சேர்ப்பது என் வேலை. சாமையை அரைத்து அரிசியாக்கி விற்பது அமிர்தியில் இருக்கும் அடிவாரச் சங்கம். மேலே நாங்கள், கீழே அவர்கள், நடுவில் மலைப்பாதையும் எப்போதாவது வரும் பேருந்தும். இந்த இரண்டு சங்கங்களுக்கும் இடையில் போய் வரும் கடிதம், விலைப்பட்டியல், ஒப்பந்தம் எல்லாவற்றையும் எங்கள் அலுவலகத்தில் எழுதி அனுப்பியவர் வசந்தா. அடிவாரத்துப் பெண். வாரம் முழுக்க மலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, கடைசியில் ஒருநாள் வீட்டுக்குப் போய் வருவார்.

எங்கள் கணினி ஒருவர் பழசாகிவிட்டதென்று கொடுத்தது. காசில்லாமல் கிடைக்கிறதென்று அதில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் போட்டிருந்தோம். முருகேசனிடம் இருந்தது விண்டோஸ். இங்கே அழகாக நிற்கும் பக்கம் அங்கே போனதும் அலங்கோலமாகும். அட்டவணை சாயும், எழுத்து பெரிதாகும், ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாகும். மற்ற அலுவலகங்களில் இதற்குக் கணினியைத் திட்டுவார்கள். எங்கள் இரண்டு சங்கத்திலும் ஆளையே திட்டினோம். மலைக்காரர்களுக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது என்று அவர்களும், கீழே இருப்பவர்கள் வேண்டுமென்றே கலைக்கிறார்கள் என்று நாங்களும் பேசிக்கொண்டோம்.

வசந்தா வந்த புதிதில் அவரும் இதில் சிக்கினார். சாமைத் திருவிழாவுக்கு ஒரு பேனர் அடிக்கக் கொடுத்தோம். எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துரு அச்சுக் கடைக்காரரின் கணினியில் இல்லை. பேனர் வந்து விரித்தபோது அதில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஆளுயரத்துக்கு நின்றது. இப்படியா அடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, கடைக்காரர் மிகவும் பணிவாக, "மலைல உங்களுக்குன்னு தனி எழுத்து இருக்குமோன்னு நெனச்சேங்க," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வசந்தா விழுந்து விழுந்து சிரித்தார். பேனரைத் திருப்பிப் பிடித்து, வெள்ளைப் பக்கத்தில் நீலப் பெயின்டால் தன் கையாலேயே எழுதிக் கட்டினார். மறுநாளே பழைய எழுத்துருவில் இருந்ததையெல்லாம் எந்தக் கணினியிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்ற உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. எதை அனுப்பினாலும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்பார். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். முருகேசனைக் கூப்பிட்டு, "அண்ணா, மொத வரி படிங்க. இப்ப கடைசி வரி இன்னா, அதையும் படிங்க," என்பார். முருகேசன் புலம்பிக்கொண்டே படிப்பார். நான் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு படிக்கவில்லை என்று என்னிடம் ஒருநாள் குறைபட்டுக்கொண்டார். வசந்தாவிடம் சொன்னேன். "நம்ம கண்ணுக்குச் சரியா கீதுன்னா போதாது சார். அவங்களுக்கு எப்பிடித் தெரியுதுன்னு அவங்கதான் சொல்லணும்," என்றார். இந்த வாக்கியத்தை அவர் எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறோம். கேலிகூடச் செய்திருக்கிறோம்.

இவ்வளவு பாடு எதற்கு, எங்கேயும் கலையாத பிடிஎஃப் ஆக அனுப்பிவிட்டால் தீர்ந்ததே என்று எல்லோரையும் போல நானும் அவரிடம் கேட்டேன். ரசீது, அறிவிப்பு என்றால் அப்படித்தான் அனுப்புவார். இரண்டு தரப்பும் பேசி முடிக்க வேண்டிய தாள் என்றால் மாட்டவே மாட்டார். "பூட்டி அனுப்பினா படிப்பாங்க சார், திருத்த மாட்டாங்க. மனசுலயே வெச்சினு அப்புறம் சண்டைக்கு வருவாங்க," என்பார். பிடிவாதக்காரி என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் பிரியத்தோடு.

இரண்டு சங்கமும் சேர்ந்து ஒரே பெயரில் விற்கலாம் என்று முடிவான வருடத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒப்பந்த விதிகளை வசந்தாதான் எழுதினார். அதில் எங்கள் ஆட்களுக்கு உயிரான விதி ஒன்றுதான்: எடையை மலையிலேயே போட வேண்டும், அந்த எடைதான் கணக்கு. கீழே போய்ப் போட்டால் வழியில் காய்வதும் சிந்துவதும் விளைவித்தவன் தலையில் விழும். அது பல வருடமாக நடந்துகொண்டிருந்த அநியாயம். எங்கள் தலைவர் காளியப்பன், மற்ற விதிகளோடு விதியாக இது கலந்து கிடந்தால் யார் கண்ணில் படும், கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடு என்று வசந்தாவிடம் சொன்னார். வசந்தாவும் பக்கத்தின் அடியில் இரட்டைக்கோடு போட்டு ஒரு பெட்டி வரைந்து அதற்குள் எழுதினார். அனுப்பியதும் வழக்கம்போல முதல் வரியும் கடைசி வரியும் கேட்டார். இரண்டும் சரியாக இருந்தன.

அடுத்த பேருந்தில் முருகேசன் கையெழுத்துப் போட்ட தாள்கள் வந்தன. எடை விதி இல்லை. பெட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை, அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது. காளியப்பன் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். வசந்தாவைப் பார்த்து, "உங்க ஊரு ஆளுங்கதானே. உனக்குத் தெரியாமயா எடுத்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். வசந்தாவின் முகம் வெளுத்துப் போனதை அன்றுதான் நான் பார்த்தேன். அறுவடை முடிந்து எல்லார் வீட்டிலும் மூட்டை அடுக்கியிருந்த நேரம். ஒப்பந்தம் முறிந்தால் அத்தனையும் பழையபடி வியாபாரி சொன்ன விலைக்குப் போக வேண்டியதுதான்.

வசந்தா எழுந்தார். கணினியின் ஒயர்களைக் கழற்றினார். கணினிப் பெட்டியையும் திரையையும் பழைய சேலையில் சுற்றிக் கட்டினார். காளியப்பனிடம், "தலைவரே, என்கூட அமிர்திக்கு வாங்க. அங்க வந்து பாத்துட்டு அப்புறம் என்ன வேணா சொல்லுங்க," என்றார். நானும் தொற்றிக்கொண்டேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "இது லக்கேஜ் இல்லீங்க, சாட்சி," என்றார் வசந்தா. கண்டக்டர் சாட்சிக்கும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். காளியப்பன் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அமிர்தி அலுவலகத்தில் முருகேசனின் கணினிக்குப் பக்கத்திலேயே எங்கள் கணினியை வைத்து மாட்டினார். இரண்டு சங்கத்து ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஒரே பென்டிரைவ், அதில் அவர் முதலில் அனுப்பிய அதே கோப்பு. எங்கள் கணினியில் திறந்தார். இரட்டைக்கோட்டுப் பெட்டி ஜம்மென்று நின்றது. முருகேசனின் கணினியில் திறந்தார், பெட்டி இல்லை. யாரும் விசையைத் தொடவில்லை, எதையும் அழிக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு முருகேசனின் திரையில் தாளின் நீளத்தைக் கூட்டினார். விளிம்புக்குக் கீழே போய்க் கிடந்த பெட்டி மெல்ல மேலே தலை காட்டியது. ஒரு சிஸ்டம் பக்கத்தை அளக்கிற மாதிரி இன்னொன்று அளப்பதில்லை. எழுதிய வரிகள் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்து தப்பித்துக்கொண்டன. தனியாக வரைந்த பெட்டிக்கு நகரத் தெரியவில்லை. எல்லோரும் பார்க்க வேண்டும் என்று கட்டம் கட்டியதால்தான் அந்த ஒரு விதி மட்டும் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

"வரியில எழுதினது தானா நடந்து போய்டும். பெட்டியில போட்டத யாராவது தூக்கினு போகணும். நான் தூக்கினு போகல," என்றார் வசந்தா. காளியப்பன் பக்கம் திரும்பி, "அவங்க மேலயும் தப்பு இல்ல தலைவரே. நான் கடைசி வரியக் கேட்டேன். முக்கியமான வரியக் கேக்கல," என்றார். தன் ஊர்க்காரர்களையும் எங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவறைத் தன் பெயரில் எழுதிக்கொண்ட பெண்ணை அதற்கு முன் நான் கண்டதில்லை. காளியப்பன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வசந்தாவை உட்காரச் சொன்னார். அதையே அவர் மன்னிப்புக் கேட்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முருகேசன் அப்போது சொன்னதையும் பதிந்துவிட வேண்டும். "நான் இதப் பாக்கவே இல்லீங்க. பாத்திருந்தா சண்ட போட்டிருப்பேன், திருட்டுத்தனமா எடுக்க மாட்டேன்," என்றார். சொன்னபடியே சண்டையும் போட்டார். மலையில் எடை போட்டால் வழியில் குறைவதை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று மாலை வரை விடவில்லை. கடைசியில் எடை மலையில்தான், ஆனால் போடும்போது கீழ்ச் சங்கத்து ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று முடிந்தது. வசந்தா பெட்டியை அழித்துவிட்டு அதைச் சாதாரண வரியாக, முதல் விதியாகவே எழுதினார். இரண்டு கணினியிலும் திறந்து, எங்கள் திரையை முருகேசனையும், அவருடைய திரையைக் காளியப்பனையும் படிக்க வைத்தார். இன்றைக்கும் எங்கள் சாமை மலையிலேயே எடை போடப்படுகிறது. அதில் வீட்டுக்கு வீடு வசந்தாவுக்குப் பங்கு உண்டு. நன்றி என்று அவரிடம் நேரில் சொன்னபோதெல்லாம், வேறு வேலை இல்லையா சார் என்று விரட்டிவிட்டார். அதனால் இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோதும் வேலையை விடவில்லை. இப்போது சங்கத்துப் பிள்ளைகள் எல்லாவற்றையும் செல்பேசியில் திறக்கிறார்கள். அதற்கென்று ஒரு சிஸ்டம், அதிலும் ஒன்றில் தெரிவது இன்னொன்றில் தெரியாது. படுத்த படுக்கையில் தன் செல்பேசியில் விலைப்பட்டியலைத் திறந்து, ஓரத்தில் ஒரு பத்தி காணோம் என்று எனக்குக் குரல் பதிந்து அனுப்புவார். மூச்சு வாங்கும். நடுவில் நர்ஸ் அதட்டுவதும் கேட்கும். அடக்கத்தன்று காளியப்பன் மலையிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருந்தார். முருகேசனும் அவரும் பந்தலுக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அழுதேன் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். புதிய பருவத்துக்கான ஒப்பந்தம் போன வாரம் கீழேயிருந்து வந்தது. திறந்து பார்த்தால் எடை விதி இல்லை. அலுவலகத்தில் இருந்த இளைஞர்கள் கொதித்தார்கள். வசந்தாக்கா கண்ணை மூடியதும் வேலையைக் காட்டிவிட்டார்கள் என்றார்கள். எனக்கும் காது சூடாகிவிட்டது. ஆனால் கால் தானாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. முருகேசனைக் கூப்பிட்டு, குரலில் ஒன்றும் காட்டாமல், இங்கே முதல் விதி தெரியவில்லை, உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது, கொஞ்சம் படியுங்கள் என்றேன்.

முருகேசன் நேரடியாகவே சொன்னார். "இங்கயும் இல்ல சார். நான்தான் எடுத்தேன். வண்டி வாடகை ஏறிப்போச்சு, கட்டுப்படி ஆவல. வசந்தா இருந்தா கூப்பிட்டுப் படிக்கச் சொல்லும். இப்ப யாரு கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்." அடுத்த மூச்சிலேயே, "நீங்க கேட்டுட்டீங்க. திரும்பப் போட்டுட்றேன். வாடகையப் பத்தி நாளைக்கு மேல வந்து பேசறேன்," என்றார்.

மறுநாள் வந்தார், வழக்கம்போலச் சண்டை போட்டார். வாடகையில் எங்கள் பங்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டோம். எடை மலையிலேயே நிற்கிறது. ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன், அவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பது வசந்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. தவறு செய்யாதவரை அது காப்பாற்றும் என்றுதான் இத்தனை வருடம் எண்ணியிருந்தேன். தவறு செய்தவருக்கும் அது திரும்பி வர ஒரு வழி விட்டு வைக்கிறது என்பதை அவர் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.