ஆடாமல் நிற்கும் பத்தாவது ஆள்

எங்கள் அயல்கூட்டம் என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவில் பத்துப் பெண்கள். பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் வீட்டில் மலையாளம். பஞ்சாயத்து ஆண்டுவிழா நடனப் போட்டி வந்தால் எந்த மொழிப் பாட்டுக்கு ஆடுவது என்று வருடா வருடம் வாக்குவாதம் நடக்கும். போன வருடம் அது நடக்கவில்லை. செக்ரட்டரி சேச்சி போனில் ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினாள். பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. மெஷினில் உண்டாக்கிய தாளம் மட்டும் இடித்துக்கொண்டே போனது.

"இதுல தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. இனி ஆராவது சண்டை போடுங்கோ, பாப்பம்" என்றாள்.

வீடியோவில் பத்துப் பேர் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்கிறார்கள். முதல் ஆளின் விரல் துடிக்கிறது. அந்தத் துடிப்பு முழங்கை, தோள் என்று ஏறி, கை தலைக்கு மேல் எழுந்து, இறங்கி, அடுத்த ஆளின் விரலைத் தொடுகிறது. அவருக்கும் அதே ஆட்டம். இப்படி ஒன்பது பேர். பத்தாவதாக நிற்கும் பெண் மட்டும் ஆடுவதில்லை. பஸ் வருகிறது, ஏறிப் போய்விடுகிறாள். அவள் ஏன் ஆடவில்லை என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களாம். வீடியோவுக்குப் பேர் கிடைத்ததே அவளால்தான் என்றாள் சேச்சி.

அன்றைக்கே ஆட்களைப் பிரித்தாள். எனக்கு ஒன்பதாவது இடம். பத்தாவது இடம் என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

"அக்கா ஆடண்டா, நின்னா மதி. கையை அனக்கவே வேண்டா. பத்தாவது ஆளாக்கும் ஸ்டார்!" என்றாள் சேச்சி.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் சிரித்தாள். அவளுக்கு மார்பில் கட்டி எடுத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழுவதில்லை. தலைவழியாகப் போட முடியாததால், முன்பக்கம் ஜிப் வைத்து அவளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள் நான்தான். சேச்சி நல்ல மனதோடுதான் அந்த இடத்தைக் கொடுத்தாள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் காலை அக்கா வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மக்கா, அந்த வீடியோக்காரிக்கு ஆட முடியும். அவ ஆடல்ல. எனக்கு ஆடணும்னு உண்டு. என்னை நிறுத்துறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

நான் மெஷினை நிறுத்தினேன்.

"இருன்னு சொல்லுவாங்க, படுன்னு சொல்லுவாங்க, வாளியைத் தூக்காதேன்னு சொல்லுவாங்க. இப்போ மேடையில கேறியும் சும்மா நிக்கணுமாம்."

"சேச்சிகிட்ட சொல்லப்பிடாதா, அக்கா?"

"நான் சொன்னா, சுகமில்லாதவளுக்க வாசி, பிடிவாதம்னு நினைப்பாங்க. நீ சொல்லு."

அயல்கூட்டத்தில் சேர்ந்து பல வருடம் ஆகியும், கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் அங்கே எதுவும் செய்ததில்லை. ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தை மனதுக்குள் தைத்தேன், பிரித்தேன், மறுபடி தைத்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: "பத்தாவது ஆளா நான் நிக்கிறேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "எட்டி, உனக்கு ஸ்டார் ஆகணுமா? வாயே திறக்காதவளுக்க ஆசையைப் பாரு!" என்றாள். சிரிப்பு எழுந்தது. சுகமில்லாதவளின் இடத்தை நான் பிடுங்கப் பார்ப்பதாக நினைத்துவிட்டார்கள். என் முகம் எரிந்தது. காரணத்தைச் சொன்னால் அக்காதான் கேட்கச் சொன்னாள் என்பதும் வெளியே வரும்.

அக்காவே எழுந்தாள். "அவளுக்கு அதைக் குடுங்க. எனக்கு ஒன்பதாவது இடம் வேணும். கை ஏறுற மட்டும் ஏறட்டும்."

"வலிக்குமே, அக்கா" என்றாள் சேச்சி.

"வலிச்சா எனக்குத்தானே வலிக்கும்?"

அதன் பிறகு தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பின் என் வீட்டுப் பின்சுவரில் ஒத்திகை. விரல்களைச் சுவரில் எட்டுக்கால் பூச்சிபோல ஏற்றச் சொல்லி ஆஸ்பத்திரியில் முன்பே பழக்கியிருந்தார்கள். வலியால் பாதியில் விட்டிருந்தாள். இப்போது பாட்டைப் போட்டுக்கொண்டு ஏற்றினாள். ஏற்றும்போது உதட்டைக் கடிப்பாள், நான் வேறு பக்கம் பார்ப்பேன். விழாவுக்கு முந்தின நாள் விரல் காதுவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"நாளைக்கு அதிசயம் ஒண்ணும் நடக்காது மக்கா. காதுவரைதான்" என்றாள்.

விழாவில் எல்லோரும் வீடியோவில் இருந்ததுபோலவே தெரிய, புருஷன்மாரின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றோம். முதலில் நின்ற சேச்சியிடம் தொடங்கிய துடிப்பு எட்டுப் பேரைத் தாண்டி அக்காவிடம் வந்தது. அவள் இடது கை மெல்ல ஏறியது. தாளம் அவளை விட்டுவிட்டு முன்னே போனது. கை தாடைவரை வந்தபோதே, அட்டையில் செய்த பஸ்ஸைத் தூக்கிக்கொண்டு சேச்சியின் வீட்டுக்காரர் மேடைக்கு வந்துவிட்டார்.

"கேறு, கேறு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான் ஏறவில்லை.

"என்ன, டிக்கெட் எடுக்க மறந்துபோச்சோ?" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள். கூடம் முழுக்கச் சிரித்தது. அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. ஓடிவிடலாம் போல இருந்தது. அக்காவின் விரல் காதைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, இறங்கியது, என் விரலைத் தொட்டது. ஈரமாக இருந்தது. அதற்குள் பாட்டு முடிந்திருந்தது. சத்தமில்லாத மேடையில் நான் பஸ் ஏறினேன்.

பரிசு கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் சேச்சி என்னைப் பிடித்தாள். "பாட்டு தீர்ந்த பிறகா பஸ்ஸில கேறுறது?"

"எனக்காகத்தான் அவ நின்னா. திட்டி வழக்கு சொல்லணும்னா என்னைச் சொல்லு" என்று அக்கா குறுக்கே வந்தாள்.

"சொல்லத்தான் போறேன்! ஒரு கையைத் தூக்க இத்தற நேரமா? ரிகர்சலில தாளத்தை எண்ணிப் பாத்தீங்களா? பாக்கி எட்டு பேருக்க பாடும் வெறுதே போச்சு!"

இரண்டு வருடமாக அக்காவிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிரிப்பு வெளியே வராமல் தலையைக் குனிந்து, அந்த வசவு முழுவதையும் நின்று கேட்டாள்.