மாற்றாத வால்வு

எழுபதுகளில் எங்கள் ஊரில் என்னைப் போல மண்டைக்கனம் பிடித்தவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். கையில் ஒரு மீட்டர் இருந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு.

தேரடி வீதியில் நானும் பாயும் பங்காக மைக் செட் கடை வைத்திருந்தோம். பாய் என்னைவிட நாலு வயது மூத்தவர். கல்யாணமோ சந்தனக்கூடோ, அவர் வந்து நின்று கேட்டுச் சத்தத்தைச் சரிசெய்தால்தான் ஜனங்களுக்குத் திருப்தி. கடைக்கு வந்த வேலையெல்லாம் அவர் காதை நம்பி வந்ததுதான்.

எங்கள் பெரிய ஆம்ப்ளிஃபையரில், ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஒன்று, பல்பு மாதிரி கண்ணாடியில், உண்டு. அந்த இடத்துக்கு நான் வேறு ரகம் ஒன்றை வாங்கி வந்தேன். மீட்டரில் வோல்ட் ஜாஸ்தி காட்டியது, சத்தமும் திடமாக நின்றது. பாய் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வால்வில்தான் சத்தம் இளகி வருகிறது, புதியது காதைக் குத்துகிறது என்றார். ஒரு மாதம் இதே வாய்ச்சண்டை.

ஒரு சாயங்காலம் கடையில் வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருந்தார்கள். பாயைத் திரும்பி உட்காரச் சொல்லி, புது வால்வில் ஓர் இசைத்தட்டைப் போட்டேன். பிறகு அணைத்துவிட்டு, வால்வு சூடு ஆறட்டும் என்று எல்லோரும் டீ குடித்தோம். ஆறியதும் அதைக் கழற்றி, அதையே திரும்பச் செருகினேன். அதே தட்டைப் போட்டேன்.

"இது பழசு. இளகி வருது பாரு," என்றார் பாய்.

நான் வால்வைக் காட்டினேன். நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களைவிட உரக்கச் சிரித்தவன் நான். பாய்க்குக் காது போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆர்டர் கொடுக்க வந்தவர்கள், பாய் வேண்டாம், நீங்களே வாங்க என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. சில மாதங்களில் பாய் பங்கை விட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி ஒன்றில், வேர்க்கடலை மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாலை, ஆம்ப்ளிஃபையரில் மீட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவிளக்கும் லாட்ஜ் விளக்குகளும் எரியத் தொடங்கியதும் லைன் வோல்டேஜ் கம்மியானது. மீட்டர் முள்ளும் இறங்கி, பழைய வால்வு போட்டால் எங்கே நிற்குமோ ஏறக்குறைய அங்கே நின்றது. சத்தம் இளகியது. அன்றைக்கு நாங்கள் டீ குடித்து முடித்ததும் இதே நேரத்தில்தான். பாயின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாளே பஸ் ஏறியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் போனேன். மண்டி வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கடைசி வரை கேட்டார்.

"எங்கிட்ட வந்து சொல்ற. என் காது எனக்குத் தெரியாதா? அன்னைக்குச் சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன். அவர் மூட்டைகளைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

ஊர் திரும்பியபோது அந்த நாலு பேரில் ஒருவர் என் கடையில் உட்கார்ந்திருந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டார். சாமான் வாங்க வேலூர் வரைக்கும் போயிருந்தேன் என்று சொன்னேன்.