தெரியாதுங்க

என் மகளுக்குக் கோவை முழுக்கச் சொந்த வீட்டு வாசல் மாதிரி. எங்கே போகிறாள் என்று கேட்டால் சிரிக்கிறாள். அவள் பையைத் தோளில் மாட்டும்போதெல்லாம் நான் தெருமுனை வரை கூடவே போவேன். காரணத்தை இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஊரில் குண்டுகள் வெடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பீளமேட்டில் குடியிருந்தாலும் அப்பாரு, என் அப்பாவைப் பெற்றவர், டவுனுக்குக் கிளம்பும்போது "கோயமுத்தூருக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். அவர் வாலிபத்தில் பீளமேடு வேறு, கோயமுத்தூர் வேறு ஊர். அப்பாவுக்கு அங்கே ஆளில்லாத பையெல்லாம் குண்டு, தெரியாத முகமெல்லாம் சந்தேகம். அன்று என்னையும் அப்பாருவோடு அனுப்பியபோது, "ஆரு என்ன கேட்டாலும் தெரியாதுங்கன்னு சொல்லிப்போடோணும்" என்று மூன்று முறை சொன்னார்.

பஸ்ஸில் நான் முன்னால், பெண்கள் சீட்டில். அப்பாரு பின்னால், மடியில் மஞ்சப்பையோடு. பைக்குள் ரிப்பேருக்குப் போகும் அலாரம் கடிகாரம். இஷ்டப்பட்ட நேரத்தில் அடிப்பதுதான் அதன் வியாதி. பாதி வழியில் அடித்தது.

"பைக்குள்ள என்னமோ அடிக்குதுங்க!" என்று பக்கத்து சீட்டுக்காரர் கத்தினார்.

டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். எல்லோரும் இறங்கி ஓடினோம். சோதனைக்கு நின்றிருந்த போலீஸ்காரர் பையைத் தரையில் வைக்கச் சொல்லி அப்பாருவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்கிருந்து வர்றே?"

"பீளமேடுங்க."

"எங்கே போறே?"

"கோயமுத்தூருங்க."

போலீஸ்காரர் வெளியூர்க்காரர். "இதுவே கோயமுத்தூர்தானய்யா! யாருகிட்ட கதை விடுற?"

"அது கடிகாரமுங்க. எம் பேத்தியக் கேளுங்க."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. ஒட்டி நின்ற அம்மாள் இரண்டடி விலகினாள்.

"பாப்பா, இவரு உனக்கு யாரு?"

"தெரியாதுங்க."

அப்பாருவைச் சட்டையைப் பிடித்து வெயிலில் உட்கார வைத்தார்கள். யாரோ வந்து பையைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் விட்டார்கள். பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. "கரும்பு ஜூஸ் குடிக்கிறயா, கண்ணு?" என்று மட்டும் அப்பாரு கேட்டார்.

வீட்டில் அப்பா பொரிந்து தள்ளினார். "பாத்தீங்களா, உங்க கோயமுத்தூர?"

அப்பாரு என் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம அம்மணிதான் எங்க அப்பாருங்கன்னு சத்தமாச் சொல்லுச்சு. அதனாலதான் உட்டாங்க."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் சொன்னது அப்பாரு காதில் விழவே இல்லை என்று நம்பியதில், அன்றைக்கு எனக்கு அத்தனை நிம்மதி.