மின்விசிறியை நிறுத்திய கடைக்காரர்

திருச்சிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியையாக இருக்கிறேன். வாழையைத் தாக்கும் வாடல் நோய் பற்றிய என் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுப் பலமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. கடைசியாக ஆன்லைனில் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அன்று பார்த்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. செல்போனிலும் சிக்னல் இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திருவானைக்காவல் வரை வந்து, கண்ணில் பட்ட செல்போன் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார பாய், நான் சொல்லி முடிப்பதற்குள் தன் நாற்காலியைக் கொடுத்து வைஃபையும் போட்டுவிட்டார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. அதை நிறுத்திவிட்டு, "டீச்சர் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். ரீசார்ஜ் செய்ய வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சித்திரை வெக்கையில் வியர்வையைத் துடைத்தபடி, வாய் திறக்காமல் நின்றார்கள்.

நான் பேசி முடித்ததும் ஓர் அம்மா கேட்டார்: "கெடைச்சிடுச்சாங்க?"

"இன்னும் தெரியாதும்மா."

"எனக்கு ஒரு வார்த்தைகூட புரியல. ஆனா நல்லா பேசுனீங்க. கண்டிப்பா கெடைக்கும்."

கடையே சிரித்தது.

நிதி கிடைத்தது. அல்வா வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். இந்த முறை அங்கே நின்றவர்கள் வேறு ஆட்கள். பாய் அவர்களிடம், "எடுத்துக்குங்க, இது நம்ம கடையில வாங்குன கிராண்ட்டுங்க!" என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த ஆராய்ச்சிக்குப் பிறகு விருதுகளும் வந்தன. பாய் கடையைக் கொடுத்துவிட்டு மகனோடு வெளியூர் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என்னையறியாமல் வண்டியின் வேகம் குறைகிறது. எத்தனையோ மேடைகளில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். "நம்ம" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.