வரப்பைப் பற்றி ஒரு பொய்

உலகத்தில் எந்த மூலையில் சண்டை நடந்தாலும் அதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லாமல் எனக்கு டீ இறங்காது. கடைத்தெரு டீக்கடையில் பேப்பரை முதலில் கையில் எடுப்பவன் நான்தான். உக்ரைனுக்குள் ரஷ்யப் படை நுழைந்த வாரத்திலும் தீர்ப்புச் சொன்னேன். இவ்வளவு பெரிய நாட்டை எதிர்த்து இவர்களால் என்ன கிழிக்க முடியும், கேட்பதைக் கொடுத்துவிட்டு உயிரோடு இருக்க வேண்டியதுதானே என்றேன். அப்போது என் மகள் அங்கேதான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். சண்டை நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

அவள் ஊர் வந்து சேர்ந்தாள். அங்கிருந்து கிளம்பும்போது, அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தார். அந்த அம்மாவின் ஒரே மகன் எலக்ட்ரீஷியன். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊருக்குள் காரை ஓட்டிப் போய் என் மகளை ரயில் ஏற்றிவிட்டது அவன்தான். திருச்சி விமான நிலையத்தில் அவளைப் பார்த்தபோது, முகம் தெரியாத அந்தப் பையனை மனசுக்குள் கும்பிட்டேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாவை வீடியோ காலில் கூப்பிடுவது வழக்கமாயிற்று. அங்கே கற்ற மொழியில் மகள் பேசுவாள். நானும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவோம்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அந்த அம்மா அழுதார். மகன் படையில் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். உன் அப்பா என்ன சொல்கிறார் கேள் என்றாராம்.

கேட்க வேண்டுமா? என் வயல் கதையை எடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் சீவிச் சேறு பூசுவோம். அண்டை வெட்டுவது என்று பெயர். என் பக்கத்து வயல்காரர் ஆள்பலம் உள்ளவர், கட்சிச் செல்வாக்கும் உண்டு. அண்டை வெட்டும் சாக்கில் தன் பக்கத்தைச் சீவிச் சீவி, வரப்பையே என் வயலுக்குள் ஒரு முழம் நகர்த்திவிட்டார். திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து, சர்வேயரைக் கூட்டிவந்து அளந்துவிடலாம் என்று என் தம்பி குதித்தான். வம்பு வேண்டாம் என்று நான் விட்டுவிட்டேன். போனது ஒரு முழம், நான் நிம்மதியாக இருக்கிறேன், இதைப் பையனிடம் சொல்லச் சொல் என்றேன்.

மகள் சொல்லி முடித்ததும் அந்த அம்மா ஏதோ கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அதோட அவர் நிறுத்திக்கிட்டாரான்னு கேக்குறாங்கப்பா."

நிறுத்தவில்லை. அடுத்த வருஷமே இன்னொரு சாண் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். வீட்டில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. தெரிந்தால் தம்பி மண்வெட்டியோடு போய் நிற்பான்.

"நிறுத்திட்டாரு," என்றேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது. கதையைக் கேட்டுப் பையன் சிரித்தானாம். அந்த ஆள் மறுபடி வருவான், பாருங்கள் என்றானாம். என் வயலைக் கண்ணால் பார்க்காதவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியவர்கள் பேச்சைக் கேட்காத பிள்ளை என்று திட்டினேன். அவன் படையில் சேர்ந்துவிட்டான்.

போன வருஷம் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவன் செத்துப்போன செய்தி வந்தது. படிப்பை முடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தாள். மூன்று பேரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார். நாங்களும் சேர்ந்து அழுதோம்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்துவிட வேண்டும். போனில் துக்கம் கேட்டாலும் அதுதான் முறை என்று எனக்குப் பட்டது. மகள் வாயெடுப்பதற்குள் சிவப்புப் பொத்தானை நானே அழுத்திவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிறு, தன் பேச்சைக் கேட்காமல் செத்தான் என்று உன் அப்பாவுக்கு இன்னும் கோபமா, அதனால்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனாரா என்று கேட்டார். மகள் பதறிப்போய் எங்கள் வழக்கத்தை விளக்கினாள். அந்த முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்ல மனுஷர், அன்றைக்கும் நல்லதுதான் சொன்னார், அவருடைய பக்கத்து வயல்காரர் நிறுத்திக்கொண்டாரே, நாங்கள்தான் காது கொடுக்கவில்லை என்றார். இதைத் தமிழில் சொல்லிவிட்டு மகள் போனை என் பக்கம் திருப்பினாள்.

அந்தப் பொய்யை மறந்திருந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒவ்வொரு நடவிலும், குறுகிக்கொண்டே வரும் வயலின் ஓரத்தில் நின்று அந்தப் பையனை நினைத்திருக்கிறேன். அவன் சொன்னதுதான் நடந்தது. ஆனால் சரியாகச் சொன்னவன் மண்ணுக்குள் இருக்கிறான். விட்டுக்கொடுத்த நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். எது மேல் என்று இப்போது டீக்கடையில் யாராவது கேட்டால் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறேன். ஆனால் என் பொய் ஒன்றினால் செத்தவன் முட்டாளாவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மகளிடம் சொன்னேன்.

"அவரு நிறுத்தலம்மா. வருஷா வருஷம் வெட்டிக்கிட்டுத்தான் இருக்காரு. அன்னைக்கு நான் சொன்னது பொய். அவங்க பையன் சொன்னதுதான் சரின்னு சொல்லு."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மா மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். மகள் அதை உடனே என்னிடம் சொல்லவில்லை. இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தப் பொய்யையாச்சும் அவன் நம்பியிருக்கக் கூடாதான்னு கேக்குறாங்கப்பா."